மூன்று பட்டை

பாலக்கோடு தாண்டும்போது
என் நெற்றியில் மூன்று பட்டை.
முன்கண்ணாடியில் ஒட்டிய கறுப்புப் பெட்டிக்கும்
மூன்று:
எக்ஸ், கே, கே-ஏ.

ஓசூரில் திம்மராஜ் கொடுத்தது.
“எல்லாத்தையும் ஆன்லயே வை மாமா,
ஒரு போலீசும் தப்பாது.”
வைத்தேன்.
ஒரு கதவும் தப்பவில்லை.

தருமபுரியில் நகைக்கடைக் கதவு
தானாகத் திறந்துகொண்டபோதெல்லாம்
கே, கே என்று அலறியது.
பக்கத்தில் வந்த புதுக் கார்
பின்முனையில் எதையோ வைத்து
என்னை அளந்திருக்கிறது, அதற்கும் அலறல்.
பாளையம் சுங்கச்சாவடியில்
வயிற்றுவலிக்காரனைப்போல் துடித்தது.
ஒவ்வொரு கத்தலுக்கும் பிரேக் மிதித்ததில்
ராயக்கோட்டை மண்டியில் ஏற்றிய தக்காளி
அடிக் கிரேடில் நசுங்கி
பின்கதவு வழியாகச் சொட்டிக்கொண்டே வந்தது.

நிஜத் துப்பாக்கி
தொப்பூர் இறக்கத்துக்குச் சற்று முன்னால் நின்றது.
பெட்டி அதைச் சொன்ன நேரத்தில்
பிடித்திருந்தவரின் தொப்பி
எனக்கே தெரிந்தது.
ரசீதில் பெயர்: காவலர் வேடியம்மாள்.

சேலத்தில் சரக்கிறக்கிவிட்டுப் போன் போட்டேன்.
திம்மராஜ் இந்தத் தடவை நிதானமாகப் பேசினான்.
பெட்டிக்கு இருப்பது ஒரே காது, மாமா.
மூன்று பட்டையையும் கொடுத்தால்
அடியிலிருந்து நுனிவரை
துழாவிவிட்டுத்தான் திரும்பி வரும்.
அது கதவோடு பேசிக்கொண்டிருக்கும்போது
மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
மெலிசாக ஒன்று கூப்பிட்டிருக்கும்.
எல்லாக் கல்யாணத்துக்கும் மொய் எழுத ஓடினவன்
எந்தப் பந்தியில் உட்கார்ந்தான்?

எக்ஸை அணைத்தேன்.
கேயை அணைக்க விரல் நடுங்கியது, அணைத்தேன்.
கே-ஏவிலும் ஒரு துண்டை மட்டும் விட்டு
மற்றதை வெட்டினேன்.

அடுத்த வியாழன்
நகைக்கடை வாயடைத்துப் போயிருந்தது.
சுங்கச்சாவடியில் என் பெயர்கூட யாருக்கும் தெரியாது.
பிறகு, இருட்டில்,
தொப்பியும் இல்லை சாலைத்தடுப்பும் இல்லை
வளைவுகூட வரவில்லை,
ஒரு முனகல்.
மீட்டரைப் பார்த்துக்கொண்டே போனேன்.
ஒன்றேகால் கிலோமீட்டர் கழித்து
வேடியம்மாள்.
முப்பதில் கடந்தேன். வணக்கம்கூட வைத்தேன்.

மூன்று வாரம் நான் ராஜா.

நான்காவது வாரம் அவர்
துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தார்.
விசையை அழுத்தாதவரை
அது ஒரு பிளாஸ்டிக் சாமான்.
என் விளக்கு தெரிந்த பிறகு அழுத்தினார்.
பெட்டி கத்தியது, ரசீதும் வந்தது,
எது முந்தி என்று சொல்ல முடியாது.

டார்ச்சைக் கண்ணாடியில் அடித்துக் கேட்டார்:
“எத்தனை பட்டை?”
“ஒண்ணுதாங்க மேடம்.”
“நெத்தியில மூணு இருக்கு.”
சிரித்தாரா என்று தெரியவில்லை,
டார்ச் என் முகத்தில் இருந்தது.

பணத்தைக் கட்டிவிட்டுக் கிளம்பினேன்.
நியூட்ரலில் இறங்காதே என்று
ஒலிபெருக்கி மலையோடு பேசிக்கொண்டிருந்தது.
கோபத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்கினேன்.
பெட்டி அமைதி.
அத்தனை அமைதியை அதற்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

இரண்டாவது வளைவில்
ஒரு வேப்பங்கொத்து ஆடியது.

தார்மேல் நட்டுவைத்ததுபோல் நின்றது.
அதைச் சுற்றி நான்கு கல்.
அதற்குப் பின்னால்
விளக்கில்லாமல், பிரதிபலிப்பான் இல்லாமல்,
எந்தப் பட்டையிலும் ஒரு சொல் சொல்லாமல்
இரும்புக்கம்பி ஏற்றிய லாரி,
கம்பிகள் என் பக்கம் நீட்டிக்கொண்டு.

பதினைந்து அடி.
கண்ணுக்கு எட்டிய தூரம் அவ்வளவுதான்.

வண்டி நின்றது.
தக்காளி ஒருமுறை முன்னால் வந்து
பின்னால் போனது.

கல்மேல் உட்கார்ந்திருந்த கிளீனர்
முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு,
தூக்கம் கலைந்த எரிச்சலில்,
“லைட்டைக் கொறைங்கண்ணா” என்றான்.