207-ஆம் அறைக்கு ஒரு நோட்டீஸ்

தங்கப்பழம் அண்ணாச்சி சொல்லிவிட்டார்:
மாடிக்கு ஸ்பெயின்காரங்க வந்திருக்காங்க,
கீசர், குரங்கு, மொட்டைமாடி மூணுக்கும்
அவங்க பாஷையிலயே எழுதி ஒட்டு.
மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்
ராத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து
செல்போனில் ஸ்பானிஷ் படிக்கிறவள் நான் ஒருத்திதான்.

தொடாதே என்பதற்கு
முதலில் தொடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.
தோக்கோ.
கடைசி ஓ-வை நறுக்கிவிட்டு
வேறோர் உயிரை ஒட்ட வேண்டும்.
ஆ குடியிருந்த வினைக்கு ஏ,
ஏயோ ஈயோ இருந்ததற்கு ஆ.
நோ தோக்கெஸ்.
வாசலிலேயே ஒரு 'நோ' கம்போடு நிற்கிறது.
அப்படியும் நம்பிக்கையில்லாமல்
உள்ளே வினை தன் உயிரை மாற்றிக்கொள்கிறது.
நமக்கு அந்தச் செலவில்லை,
'ஆதே'யில் ஆவும் ஏயும் சேர்ந்தே இருக்கின்றன.

மரியாதையா எழுதும்மா என்றார்.
மரியாதைக்கு அந்த ஸ்-ஐ வெட்டினால் போதும்.
நோ தோக்கெ.
இங்கே மரியாதை என்றால் நீளும்,
தொடாதீங்க, தொடாதீர்கள்.
அங்கே வால் போய்விடுகிறது.

ஈரக் கையால் சுவிட்சை. சாயங்காலம் மாடிக் கதவை.
அப்ரோ, திறக்கிறேன். நோ அப்ரா.
குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதற்கு மட்டும்
தோய் என்று வந்து, ஓவில் முடியாமல்
முரண்டு பிடித்தது. பார்த்து எழுதினேன்.

ஒன்பதரைக்கு பெனிட்டாவின் போன்.
வாசல்ல நிக்காத. கேஸைத் திறக்காத.
டியூஷன் போனேன்னு பொய் சொல்லாத.
வைத்த பிறகு
கை தானாக நோட்டில் எழுதுகிறது:
மியெந்தோ.
நான் பொய் சொல்கிறேன்.
அப்பா திருப்பூரில் ஓவர்டைம் பார்க்கிறார்.
அதன் ஓ-வை நறுக்கவில்லை.
அப்படியே விட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஒச்சப்பன் மைதாப் பசை காய்ச்சி
சற்றுக் கோணலாக ஒட்டிவிட்டு வந்தான்.

விடிகாலை வைகை எக்ஸ்பிரஸ் பிடிக்க
207 இறங்கிப் போனாள், ஒற்றைப் பை, நரைத்த பின்னல்.
சாவி வாங்கும்போது என் முகத்தை
ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தாள்.
அறை பெருக்கப் போன ஒச்சப்பன் கத்தினான்:
அக்கா, நோட்டீஸ்ல கிறுக்கிட்டுப் போயிருக்கு!

இரண்டு எழுத்துப்பிழை, பச்சை மையில் திருத்தி,
கீழே எனக்கென்று ஒரு வரி:
நோ தே ப்ரேயோகூபெஸ்.
கவலைப்படாதே.

நான் வெட்டிய ஸ்-ஐ
அவள் திரும்ப வைத்திருந்தாள்.