கடைசி விரற்கடை

கண்ணைத் திருப்பினால் போதும்,
மண்டைக்குள் ஒரு பல்ப் வெட்டி எரிகிறது.
இடப்பக்கம் பாலம். வெட்டு.
வலப்பக்கம் படகு. வெட்டு.
வலி இல்லை என்கிறேன், நம்புகிறார்கள்.
பின்னே என்னதான் என்று கேட்டால்
சொல் கிடைப்பதில்லை.

ஃப்ரீஸ்லாந்தின் இந்தக் கால்வாயில்
மடை திறப்பது என் வேலை.
மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் இடுப்பளவு வித்தியாசம்.
நடுத்தொட்டியில் படகை அடைத்து
நீரை இறக்கி
அடுத்த கதவைத் திறந்துவிட வேண்டும்.
பதினோரு வருஷம்.
அதில் ஏழு, வெள்ளை மாத்திரையோடு.

இரண்டு வருஷம் முந்திய மார்ச்சில்
யாரையும் கேட்காமல் அட்டையைக் குப்பையில் போட்டேன்.
நன்றாகத்தானே இருக்கிறேன் என்ற தைரியம்.
நான்காம் நாள்
சோப்புத்தூள் விளம்பரத்துக்கு அழுதேன்.
ஐந்தாம் நாள் கனவில்
செத்துப்போன நாய் வந்து கணக்குக் கேட்டது.
ஆறாம் நாள், டௌவே
காப்பிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தத்துக்கு
அவன்மேல் சாவிக்கொத்தை எறிந்தேன்.
பழைய நோய் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வரவில்லை. நீங்கள் குதித்துவிட்டீர்கள்"
என்றார் டாக்டர் ஹிஸ்கே.
பழைய அளவுக்கே ஏற்றி,
நான் நிலைகொள்ளும்வரை காத்திருந்து,
சொட்டு மருந்தும் ஊசியில்லாத சிரிஞ்சும் தந்தார்.
நாலு வாரத்துக்கு ஒரு படி.
தலை சுற்றினால் அந்தப் படியிலேயே நில்லுங்கள்.
தாங்கவில்லையா, ஒரு படி மேலே வாருங்கள்,
அதற்கு வெட்கப்படாதீர்கள்.
எதுவானாலும் போன் செய்யுங்கள்.

முதல் பாதி கோடை முடிவதற்குள் போயிற்று.
மீதிப் பாதிக்கு
இது இரண்டாவது குளிர்காலம்.
குறையக் குறைய
படிகளும் சிறுத்துக்கொண்டே போகின்றன.
ஒரு மில்லிகிராமின் பின்னத்தை
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அளக்கிறேன்.
"இத்தனூண்டுதானே, விட்டுத்தொலை" என்கிறான் டௌவே,
அன்போடுதான்.

நேற்று மணல் ஏற்றிய படகொன்று
தொட்டியில் இறங்கி நின்றது.
படகுக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்:
ஒரு விரற்கடைதான் பாக்கி, திறந்து தொலையேன்!

முதல் முழம் மடமடவென்று இறங்கும்.
கடைசி விரற்கடைதான் நாள் பார்க்கும்.
இருபுறமும் சமமாகாமல் கதவு அசையாது.
பலவந்தமாய் அசைத்தால்
படகு பாயும், கயிறு அறும்.

கையை உயர்த்தினேன். பொறு.

அவர் தண்ணீரில் துப்பிவிட்டு
சிகரெட் பற்றவைத்தார்.
நெருப்பைப் பார்க்கத் திரும்பினேன். வெட்டு.
அன்றைக்கு அது மூன்றாவது.
போன மாதமெல்லாம்
எண்ண முடிந்ததில்லை.