இதர

கணினியில் பதினேழு இனங்கள் இருக்கின்றன.
தெருவிளக்கு, குடிநீர், பாதாளச் சாக்கடை,
கொசு, தெருநாய், இறந்த மாடு அகற்றல்.
பதினேழாவது, இதர.

செவ்வாய்க்கிழமை மண்டல அலுவலகத்துக்கு
மனுவோடு வந்தார் அமலோற்பவம்.
பெரியாஸ்பத்திரியில் செவிலியர், நைட் டூட்டி முடித்த கண்.
விளாங்குடியில் ஒன்பது வீடு பார்த்துவிட்டார்.
முதல் வீட்டில் சைவம் மட்டும்.
"முட்டைகூடத் தொட மாட்டேன்னு சொன்னேன் தம்பி. பொய்தான்."
நான்காவதில், குலசாமி எது என்று கேட்டார்கள்.
ஏழாவதில் ஒன்றுமே கேட்கவில்லை,
காபி கொடுத்தார்கள்,
அவருக்கு மட்டும் பேப்பர் கப்பில்.
சாயங்காலமே அந்த வீடு
மகனுக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது.
போர்டு இன்னும் தொங்குகிறது.

இதரவை அழுத்தினேன்.
இதரவுக்கு அலுவலர் கிடையாது.
மனு மாடி ஏறும், வருவாய்ப் பிரிவில் கொஞ்சம் உட்காரும்,
'தனிநபர் சொத்து, தலையிட வழியில்லை' என்ற வரியோடு
ஆறாம் நாள் கீழே இறங்கும்.
அந்த வரியை அடிப்பவனும் நான்தான்.
அடிப்பதுகூட இல்லை,
நகலெடுத்து ஒட்டுவது.

அடுத்த செவ்வாய் மறுபடி வந்தார். சிரித்தபடி நீட்டினார்:
'மேற்படி தெரு நாற்பத்தொன்றாம் எண் வீட்டு வாசலில்
விளக்கு எரியவில்லை.
இருட்டில் என் முகம் தெரியாததால்
வீட்டுக்காரர் சாதியைப் பார்த்து
அடையாளம் காண வேண்டியுள்ளது.
ஆவன செய்யவும்.'

தெருவிளக்கு என்றால் மூன்று நாள் கெடு.
இரண்டாம் நாளே ஏணி வண்டி போனது.
புது எல்இடி, பால் வெள்ளை.
'வீடு வாடகைக்கு' என்பதை இப்போது
தெருமுக்கிலிருந்தே வாசிக்கலாமாம்.

நான் குடியிருப்பது ஆனையூரில்.
வீட்டுக்காரரிடம் சொன்ன குலசாமி
என் குலசாமி இல்லை.
மாசிச் சிவராத்திரிக்கு
ஆரப்பாளையம் போகிறேன், உசிலம்பட்டி பஸ் என்று சொல்லிவிட்டு
மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுகிறேன்.
திரும்பி வருகையில் திருநீற்றைத் துடைத்துக்கொள்கிறேன்.
இதற்கு மனு போட்டால்
எந்த இனத்தில் ஏற்றுவேன் என்று
யோசித்ததில்லை. அன்று யோசித்தேன்.

மனுவை முடிக்க ஒரு கேள்வி பாக்கி.
மனுதாரருக்குத் திருப்தியா? ஆம். இல்லை.
ஒன்றைத் தொடாமல் பக்கம் மூடாது.
போன் போட்டேன். பின்னால் ஏதோ ட்ராலி உருளும் சத்தம்.
"விளக்கு எரியுதுல்ல?" என்றார்.
"ஆம்னே போடுங்க தம்பி.
பொய் எதுக்கு."