பல் கண்ணாடி

உமெயோவில் நவம்பர் என்றால் மூன்று மணிக்கே இருட்டு.
வாடகை கராஜில் ஒரு ட்யூப்லைட்,
அதுவும் நினைத்தால் எரியும்.
தரையில் பழைய மெத்தை விரிப்பின்மேல்
நான்கு பிஸ்டன், நான்கு கனெக்டிங் ராடு,
பழுக்கக் காய்ச்சி அடித்த இரும்பு.
இரண்டு கோடை விடுமுறைகளை விழுங்கியவை.

வண்டி எண்பத்தேழாம் வருடத்து வோல்வோ வேகன்.
ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியின் நிறம்.
யாருடையதோ ஒரு நாயின் வாசம்
பின்சீட்டை விட்டு இறங்க மறுக்கிறது.
இதன் பழைய இன்ஜின்
ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை
ஆலையில் யாரிடமும் நான் சொல்லவில்லை.

பிஸ்டன் வளையத்தின் இரு முனைகளுக்கு நடுவே
ஒரு மில்லிமீட்டரை நூறாக்கி, அதில் நாற்பத்தைந்து பங்கு
இடைவெளி வேண்டும்.
தலையிலிருந்து முடி பிடுங்கி அளந்து பார்த்தேன்:
என் முடியில் ஏழு இழை.
அரத்தில் ஒரு தேய். அளவு.
இன்னொரு தேய். அளவு.
எட்டாவது, கடைசி வளையத்தில் போன் அடித்தது.
இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் குறைகிறதாம்.
பேசிவிட்டு வந்து
எண்ணாமல் இரண்டு தேய் தேய்த்தேன்.

போச்சு.
ஒற்றை வளையம் விற்கமாட்டார்கள். முழு செட்தான்.
பதினொரு நாள்.
எண்ணெய் பூசிய சிலிண்டர்கள் குப்பைப் பைக்குள் கிடந்தன.
மரம் அறுக்கப் போனேன், வந்தேன்,
கராஜ் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டினேன்.

பிறகு எல்லாம் சேர்ந்தது.
டார்க் ஸ்பேனர் 'டிக்' என்று சொன்ன இடத்தில்
தோள் நின்றது.
கிராங்கைக் கையால் சுற்றினேன்:
தேனில் கரண்டி.

ஞாயிறு. இன்ஜின் தூக்கும் கிரேன் ஆறு மணிவரை வாடகைக்கு.
மெஹ்ரெத் வந்தாள், பல் மருத்துவமனை நர்ஸ்.
கார் ஓட்டத் தெரியாது. தள்ளத் தெரியும் என்றாள்.
சங்கிலியில் தொங்கியது நூற்றைம்பது கிலோ,
ஒரு விரல் பட்டால் திரும்பியது.
இறக்கினோம், சாய்த்தோம், ஆட்டினோம், கெஞ்சினோம்.
இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே
ஒரு விரற்கடை.
அதற்குமேல் வரமாட்டேன் என்றது.

போல்ட்டை மாட்டி முறுக்கி இழுத்துவிடலாம்.
கையில் ஸ்பேனரும் எடுத்துவிட்டேன்.
மணி நாலேகால்.

'இரு' என்றாள்.
ஒரு முழம் பின்னால் இழுக்கச் சொன்னாள்.
பையிலிருந்து வந்தது
நீளக் காம்பு வைத்த குட்டி வட்டக் கண்ணாடி.
நெற்றியில் விளக்கு.
கிளட்ச்சின் வாய்க்கு நேரே குனிந்து
'ஆ காட்டு' என்றாள்.

உள்ளே நீலமாக ஏதோ இருக்கிறதாம்.

கிளட்ச்சை நேராக்க நான் செருகிய
பிளாஸ்டிக் குச்சியின் முனை.
உருவும்போது உடைந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.
கொக்கியால் நெம்பி, இடுக்கியால் பிடித்து,
பால்பல்லைப்போல் என் உள்ளங்கையில் வைத்தாள்.
'இன்று முழுக்க வெந்நீர் மட்டும்' என்றாள் இன்ஜினிடம்.

அதன்பின் கியர்பாக்ஸ்
தானாக நடந்து வந்து சேர்ந்தது என்றே சொல்லலாம்.
கிரேனைத் திருப்பும்போது ஆறே முக்கால்.
கடைக்கார சிக்ஸ்டன் இன்னொரு நாள் வாடகை போட்டார்,
முகத்தைக்கூடப் பார்க்காமல்.

டர்போ, குழாய், வயர், கூலன்ட்: இன்னும் மூன்று வாரம்.

சாவி.
முதலில் பொறியில்லாமல் சும்மா சுற்றவிட்டேன்,
ஆயில் முள் எழும்பும்வரை.
பிறகு பொறி.
இருமியது. அணைந்தது. இருமியது.
பிடித்துக்கொண்டது.
எக்ஸாஸ்ட்டில் ஒட்டிய என் கைரேகைகள்
புகையாகப் போயின.
மெஹ்ரெத் அடியில் படுத்துக் கண்ணாடி நீட்டினாள்.
ஒரு சொட்டு. அடுத்ததற்காகக் காத்திருந்தோம்.
வரவில்லை.

'இனி பறக்குமா?'
'ஆயிரம் கிலோமீட்டர்வரை மெதுவாகத்தான்.
வளையம் படியவேண்டும்.'
'இவ்வளவும் செய்துவிட்டா?'
'இவ்வளவும் செய்ததால்.'

நெடுஞ்சாலையில் அறுபதில் போனோம்.
பனித்தூளை வாரி இறைத்தபடி
ஒரு பால் லாரி எங்களை முந்தியது.
அதன் பின்னாலேயே ஒரு பள்ளிப் பேருந்து.
கடைசி ஜன்னலில் ஒரு பையன்
எங்களைப் பார்த்துக் கையாட்டினான்,
இரக்கப்பட்டு.