பொடனி

திரையில் முதலில் வந்தது என் பொடனிதான்.
கொடிவேரி அணை. நாயகி குளித்துக் கரையேறுகிறாள்,
எதிரே எட்டுப் பெண்கள் குடத்தோடு நடக்கிறோம்.
மூன்றாவது குடம் நான்.
திருப்பூர் பனியன் கம்பெனியில்
வயிற்றுவலி என்று லீவு சொல்லி வந்திருந்தேன்.
கூலி நூற்றைம்பது, தக்காளி சாதம், ஒரு வாழைப்பழம்.

படம் வந்ததும் செக்கிங் செக்‌ஷனே ஒட்டுக்காப் போனது.
அணை வந்தது, குடங்கள் வந்தன,
போயே போய்விட்டன.
"எங்கடி காணோம்?" என்றாள் பூங்கோதை.
"அந்தப் பொடனி இவளுதுதான்,
வருசம் மூணா இவ பொறவாலதானே உக்கார்றேன்,
எனக்குத் தெரியாதா?" என்றாள் பாவாயி.
மறுநாள் சூப்பர்வைசருக்கும் தெரிந்தது.
வயிற்றுவலிக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்.

கண்ணாத்தாள் என்று போஸ்டரில் போட முடியாது என்று
சாலிகிராமத்தில் ஒரு மேனேஜர் பெயரை மாற்றினார்.
மாற்றிய பெயரும் எந்தப் போஸ்டரிலும் வரவில்லை.
நாயகியின் தோழியாக ஆறு படம்,
கடிதம் வாங்கிக்கொண்டு ஓடுவேன்.
இருபத்தொன்பதில் அண்ணி.
முப்பத்துநான்கில் அம்மா.
மகனுக்கு என்னைவிட நான்கு வயது கூட.
காலில் விழுந்து கதறிவிட்டு, கட் சொன்னதும்
முட்டி வலிக்கிறதென்று
என்னிடமே தைலம் கேட்டார்.
குரல் மட்டும் வேறொருத்தி.
என் பேச்சில் 'ங்க' எச்சாம்,
அழுதால்கூட மரியாதையாக அழுகிறேனாம்.

அப்புறம் சீரியல்.
அடுப்பில்லாத சமையலறையில்
பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் போட்டு நின்றேன்,
அறுநூற்று நாற்பது எபிசோடு.
யாராவது அதிர்ச்சியாக ஏதாவது சொல்ல வேண்டும்,
நான் மூன்று முறை திரும்ப வேண்டும்.
சம்பளச் செக் தொண்ணூறு நாள் கழித்து வரும்.
பனியன் கம்பெனியில்
சனிக்கிழமை பொழுதோட கையில் காசு.

ஒருநாள், தினச் சம்பளத்தில்
ஐந்நூறு கூட்டிக் கேட்டேன்.
அடுத்த வாரமே கதையில் என்னை
மலேசியாவுக்கு மகள் பிரசவம் பார்க்க அனுப்பினார்கள்.
ஏழு மாதம் அந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை.

வாடகை நிற்குமா?
காங்கேயம் ரோட்டில் ஒரு சின்னக் கம்பெனி,
டஜனுக்கு இத்தனை என்று நூல் பிசிறு வெட்டினேன்.
டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார்:
"ஏனுங், மலேசியாவுல இருந்து எப்ப வந்தீங்?"
"நேத்துத்தானுங்க."
"பாப்பா சௌரியமா?"
"சௌரியமுங்க."
கத்தரிக்கோல் கையில் இருந்தது,
அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்.

இப்போது ஏதோ வெப் சீரிஸ்.
சமத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு, கொங்கு அம்மா வேடம்.
கொங்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க
சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருக்கிறார்.
என் அம்மா பேசுகிற மாதிரிப் பேசிக் காட்டினேன்.
"இயல்பா இல்லீங்க மேடம்,
வார்த்தைக்கு வார்த்தை 'ஏனுங்' போடுங்க."
போட்டேன். ஓகே ஆனது.

மதியத்துக்கு முன் கடைசி ஷாட்.
கேமரா என் முகத்துக்கு.
எட்டுப் பெண்கள் குடத்தோடு என்னை நோக்கி வருகிறார்கள்,
பிளாஸ்டிக் குடம்.
லென்ஸுக்கு அவர்களின் முதுகு, எனக்கு அவர்களின் முகம்.
மூன்றாவது பெண்
உதட்டை இறுக்கிச் சிரிப்பை அடக்கி வருகிறாள்.
யாருக்காக நடிக்கிறாள் இந்த முகத்தை?
எனக்கு வசனம் வரவில்லை.
இன்னொரு டேக். அவளும் திரும்பிப் போய்
மறுபடி முதலிலிருந்து நடந்தாள்.
"மறந்துட்டீங்களா மேடம்?"
"ஆமாங்க."
சத்தியமாக மறந்துதான் போயிருந்தது, முதல் தடவை.
நான்கு டேக் போனது.

டேக் கூடினால் அவளுக்குக் கூலி கூடாது.
அது எனக்குத் தெரியும்.
அவளுடைய பெயரைக் கேட்கலாம் என்று தட்டோடு போனேன்.
"மேடம், உங்களுக்கு அக்கட்டால" என்று
புரொடக்‌ஷன் பையன் கையைக் காட்டினான்.
நிழலில் நாற்காலி போட்டிருந்தது.