வடிகட்டி

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை.
நஞ்சுண்டா வந்து
அதன் வயிற்றுக்குக் கீழே குப்புறப் படுத்திருக்கிறார்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி.
நாலு திருகாணி. ஒன்று துருப்பிடித்தது.
நேரமாகும் என்கிறார்.

ஆகட்டும்.
அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பாகு என்று பெயர்.
வந்த நாளில் வெல்லப்பாகு நிறம்,
முற்றிய கம்பிப் பதம்.
கடைசி இரண்டு வருஷம்
மாவு சலித்தவர் முகம்போல வெளுத்து
ஓய்வுபெற்ற தபால்காரர் மாதிரி
கேட் அருகே உட்கார்ந்திருப்பான்.

தபால்காரர்தான்.
வெறும் வாயோடு யாரையும் வரவேற்றதில்லை.
கேஸ் சிலிண்டர்காரருக்கு ஒரு செருப்பு,
மாமியாருக்கு
அவர் காலையிலிருந்து தேடிய கண்ணாடிக்கூடு,
மேல்வீட்டு பிலோமினாவுக்கு
அவள் கொடியிலிருந்து விழுந்த...
வேண்டாம், சொல்ல மாட்டேன்.
எச்சில் வழியும், பல்தடம் இருக்காது.
முட்டையைக்கூட உடையாமல் கொண்டுவருவான் என்று
பந்தயம் கட்டினார் என் கணவர்.
உடையாமல்தான் கொண்டுவந்தான்.
அவர் காலடியில் வைத்து,
முகத்தைப் பார்த்து,
பிறகு உடைத்துத் தின்றான்.

பதினோரு வயதில் காது போயிற்று.
பெயர் சொன்னால் திரும்புவதில்லை.
பத்துத் தீபாவளி கட்டிலுக்கடியில் நடுங்கியவன்
குக் டவுனே வெடித்துக்கொண்டிருந்த இரவில்
பால்கனிக் கம்பிக்கிடையே மூக்கை நீட்டி
முதன்முதலாய்
மத்தாப்பு பார்த்தான்.
விடிகிறவரை உள்ளே வரவில்லை.

ஆனால் தயிர் டப்பாவின் மூடியைத் திறந்தால்
மூன்று அறை தாண்டி
நகம் தரையில் தட்டும்.

பன்னிரண்டில் இடுப்பு.
வழுக்காமலிருக்க யோகா விரிப்பை வெட்டி
வீடெங்கும் ஒட்டினோம்,
ஊதா, பச்சை, ஊதா.
பாண்டி ஆடுகிறீர்களா என்பார்கள் வருகிறவர்கள்.
இன்னமும் நான்
அந்தக் கட்டங்களில்தான் கால் வைக்கிறேன்.

நடை சுருங்கியது.
அல்சூர் ஏரிவரை போனவன்
பூங்காவோடு நின்றான்,
பிறகு மூலைத் தையல்கடை,
பிறகு கேட்டுக்கு வெளியே ஒரே ஒரு மரம்.
அந்த ஒரு மரத்தை அரைமணி நேரம் வாசிப்பான்.
சில வரிகளுக்குத் திரும்பிப் போவான்.
பிப்ரவரியில் அது மஞ்சளாய்க் கொட்டும்போது
பூவின்மேல் படுத்துக்கொண்டு
எழமாட்டேன் என்றுவிடுவான்.
ஸ்கூட்டரில் போகிறவர்கள்
பூ எது நாய் எது என்று
வேகம் குறைப்பார்கள்.

அன்று டாக்டர் சுமனா வீட்டுக்கே வந்தார்.
பையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்,
யாருக்குக் கேட்டுவிடும் என்று தெரியவில்லை.
இரண்டு நாளாய் எழாதவன்
முன்னங்கால் ஊன்றினான்.
பின்பக்கம் வரவில்லை.
சுற்றும் பார்த்தான்:
விருந்தாளி வந்திருக்கிறார்,
வாயில் ஒன்றுமில்லையே.
அகப்பட்டது
தான் படுத்திருந்த துண்டின் ஓரம்.
அதைக் கவ்வி நீட்டினான்.

டாக்டர் வாங்கிக்கொண்டார்.
நாலாய் மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.
அதன் பிறகுதான் பையைத் திறந்தார்.
நான் தயிர் டப்பாவைத் திறந்தேன்.
சர்க்கரை போட்டது,
அவரே கூடாதென்று எழுதிக் கொடுத்திருந்தது.
ஒரு ஸ்பூன்.
இன்னும் ஒரு ஸ்பூன் என்றார் டாக்டர்.

ஏழு மாதமாயிற்று.

நஞ்சுண்டா வெளியே வருகிறார்,
வெறுங்கையோடு அல்ல.
ஈரமாய், சோப்பு நுரையோடு,
உள்ளங்கை நிறைய ஒரு பிடி பொன்.
விரலால் பிரித்துப் பார்க்கிறார்.
"நாயி இதெயா மேடம்?"

இந்த ஊருக்கு வந்து பதினாறு வருஷம்.
என் கன்னடம் காய்கறிக்கடைக் கன்னடம்,
நிகழ்காலம் மட்டும்தான் வரும்.
இறந்தகாலம்
இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"இதெ" என்றேன்.