வாரம் ஒருமுறை

தணிக்கைக்கு வருகிறேன் என்று
பதினைந்து நாள் முன்பே கடிதம் போட்டிருந்தேன்.
அதனால் தரை மினுங்கியது.
மினுங்கும் தரையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடு வேல்ஸில், தன்னைவிட
நீளமான பெயர் கொண்ட ஓர் ஊர்.
இரண்டு டாக்டர், ஒரு நர்ஸ்,
மருந்து எடுத்துக் கொடுக்கும் டெலித்,
தொலைபேசி எடுக்கும் மைனிர்.
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐம்பது மைல்.
நடுவில் ஒரு மலை,
அது மனம் வைத்தால்தான் வழி.

குளிர்பெட்டியைத் திறந்தேன்.
தடுப்பூசிகள் சுவரில் படாமல் நின்றன.
இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவே வெப்பம்,
நாளுக்கு இருமுறை, கையொப்பத்தோடு.
ஜனவரியில் ஒரு கட்டம் மட்டும் காலி.
"அன்றைக்குப் பனி. யாரும் வந்து சேரவில்லை" என்றாள் நர்ஸ்.
ஐந்து என்று எழுதி நிரப்பியிருக்கலாம்.
யார் கேட்கப்போகிறார்கள்?
நிரப்பவில்லை. கீழே, மறுநாள் தேதியிட்டு,
கருவியின் நினைவிலிருந்து எடுத்த எண், வேறு மையில்.
குறை ஒன்று, என்று எழுதிக்கொண்டேன்.
அந்த வெற்றுக் கட்டத்தின்மேல் வந்த மரியாதையை
எழுத என் படிவத்தில் இடமில்லை.

பிறகு அந்த நோட்டு.
நீல அட்டை, மேலே தேநீர்க் கோப்பையின் வட்டம்.
தவறுகளை எழுதும் நோட்டு எல்லா இடத்திலும் உண்டு,
பெரும்பாலும் புத்தம்புதிதாக.
இது உப்பியிருந்தது.

மார்ச் இருபது. டாக்டர் ப்ராசரின் கை:
'மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட், ஆறு மாத்திரை.
வாரம் ஒருமுறை என்பதை
தினம் ஒருமுறை என்று நான் எழுதினேன்.'
எழுதப்பட்டது என்று எழுதவில்லை.
நான்.

அதன்கீழ் டெலித்:
'கிழமை எதுவும் போடாதது என் கண்ணில் பட்டது.
வரிசையில் ஒன்பது பேர்.
கேட்காமல் கொடுத்துவிட்டேன்.'

குட்டி ஈனும் பருவம். இட்வாலுக்குக் கொட்டகையில்தான் படுக்கை.
எண்பது ஆடுகளின் வாயைத் திறந்து பார்த்தவர்
தன் வாயைப் பார்க்கப் பத்து நாள் ஆனது.
டாக்டரைக் கேட்கவில்லை,
கொப்பளிக்க ஏதாவது கிடைக்குமா என்றுதான் கேட்டார்.
"சும்மா வாய்ப்புண்தான் மைனிர். ரொட்டி இறங்கல."

வியாழன், பதினொன்று நாற்பது,
என்று பச்சையில் காட்டியது திரை.
மைனிர் அதைச் சொல்லியிருக்கலாம்.
ஆனால் விலா முறிந்த வருஷம்கூட
கடைசிக் குட்டி எழுந்து நின்றபின்
மே மாதம் வந்த மனுஷன் இவர்.
மார்ச்சில் தொலைபேசியைத் தொடுகிறவரில்லை.

காதுக்கருவியைக் கழற்றி வைத்தாள்.
உள்ளே நோயாளி இருக்கும்போது
தட்டக்கூடாத கதவைத் தட்டினாள்.

அன்று மாலையே ரத்தம் எடுத்தார்கள்.
வெள்ளணு அடிமட்டத்தில்.
ஆம்புலன்ஸ், மலை, பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி.
அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முறைபோட்டுப் பார்த்தும்
பதினோரு குட்டி போயிற்று.
அதுவும் நோட்டில் இருக்கிறது.

மீண்டும் டாக்டரின் கை:
'கொட்டகைக்குப் போய்ச் சொன்னேன்.
செத்திருப்பேனா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.
நான் போகலாமா இருக்கலாமா என்று
அவர் சொல்லவில்லை.'

பக்கம் அங்கே முடிகிறது.
அடுத்த பக்கத்தில் புது விதி:
கிழமை எழுதாத சீட்டு கவுண்டரைத் தாண்டாது.
நான்கு கையொப்பம். ஐந்தாவது மைனிருடையது,
அவளிடம் யாரும் கேட்காமல் போட்டதுபோல, ஓரமாக.

நான் கிளம்பும்போது மணி ஐந்தரை.
கவுண்டரில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர்
பெட்டியைப் பிரித்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
சத்தமாக, கடைக்காரனை நம்பாதவர் சில்லறை எண்ணுவதுபோல.
"எந்தக் கிழமை?" என்றாள் டெலித்.
"திங்கள்."
"வேற கிழமை?"
"கிடையாது" என்றார் சிடுசிடுப்பாக.
"இன்னொரு தடவை சொல்லுங்க."

பின்னால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.
யாரோ இருமினார்கள்.
டெலித் நிமிரவில்லை.